கோயில் மண்டபத்தில் கொடுத்த இரத்தம்

என் மனைவியின் இரண்டு கண் இமைகளிலும், மூக்குப் பக்கத்து மூலையில், மஞ்சளாகச் சின்னத் தடிப்பு இருந்தது. பயறு அளவு இருக்கும். தொட்டால் நோவாது. கலியாணம் கட்டி ஏழெட்டு வருசத்தில் வந்தது. வெளியே போகும்போது பவுடர் போட்டு மறைப்பாள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. அவளிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அது ஒரு நோயின் அடையாளம் என்று ஒரு டொக்டர் எனக்குச் சொன்னபோது அவள் உயிரோடு இல்லை.

அவள் போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. எங்களுக்கு ஒரே மகள். தாயின் முகம், தாயின் மெல்லிய உடம்பு. அவளுடைய இமை இன்னும் சுத்தமாக இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு அறை வீடு. நான் வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் வடை போடுகிறவன். இருபத்திரண்டு வருசம் அதே அடுப்பு. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் சட்டி வைப்பேன். என் வயிறு எனக்கு முன்னால் போகும். மனைவி கோட்டையில் ஒரு ஒபிசில் தேத்தண்ணி ஊற்றும் வேலை செய்தாள். நான்கு மாடி. லிஃப்ட் ஒபிஸ்காரருக்கு. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு படியால் ஏறி இறங்குவாள். உடம்பில் சதை என்று ஒன்றும் இல்லை. வளையல் முழங்கை வரை வழுகும்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் இரத்தம் சோதிக்கும் முகாம் வைத்தார்கள். முதல் பூசைக்கு நாங்கள் வெறும் வயிற்றோடுதான் போவோம். அதனால் அந்த நேரத்துக்கு வைத்திருந்தார்கள். பூசை முடிந்து வரிசையில் நின்றோம். நான் முன்னால், அவள் பின்னால். அவளுக்கு ஊசி என்றால் பயம். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு என் சட்டையைப் பிடித்தபடி கையை நீட்டினாள்.

தாதி என் குழாயைத் தட்டில் வைத்தாள். அவளுடையதையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு முடிவு எழுதின துண்டு கொடுத்தார்கள். இங்கிலிசில் இருந்தது. வீட்டில் மகள்தான் வாசித்தாள். அவள் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறவள். இரண்டு துண்டையும் மேசையில் விரித்தாள்.

“அப்பாக்கு நூற்று எழுபத்தெட்டு. நோர்மல். அம்மாக்கு முன்னூற்று முப்பத்தெட்டு.”

“ஆருக்கு?” என்றாள் மனைவி.

“உங்களுக்கு. கொலஸ்ட்ரோல்.”

மனைவி கையைத் தூக்கிக் காட்டினாள். வளையல் சரிந்து முழங்கையில் நின்றது. “இந்தக் கைக்குள்ளயா இவ்வளவும் ஓடுது?”

நான் சிரித்தேன். முதலில் சிரித்தது நான்தான். “மாத்திட்டாங்க,” என்றேன்.

மகள் துண்டைத் திரும்பப் பார்த்தாள். “பேர் சரியாத்தான் இருக்கு அப்பா.”

“பேர் சரி. குழாய் மாறியிருக்கும். நான் பாத்தனான், ரெண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது.”

மனைவி என் வயிற்றைப் பார்த்தாள். “அப்ப வடைக் கடையில இவர் சேத்தது முழுக்க என்ட கணக்கில ஏறிட்டுது. என்னப்பா, என்ட நல்ல பேரை இப்பிடியா கெடுக்கிறது?”

மகளும் சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள். விசயத்தைச் சொன்னோம். “அந்த மனுசனைப் பாத்தாலே தெரியுதே,” என்றாள் அவள். “இதுக்கு ஊசி எதுக்கு?”

அன்று எங்கள் வீட்டில் நல்ல சிரிப்பு.

துண்டின் அடியில் டொக்டரிடம் காட்டச் சொல்லி எழுதியிருந்தது. மகள் அதையும் வாசித்தாள். மனைவி “அப்ப இவரைத்தான் காட்ட வேணும்” என்றாள். நான் போகவில்லை. அவள் பெயர் உள்ள துண்டைக் கொண்டுபோய் டொக்டரிடம் என்ன கதை சொல்வது? முதலில் சாப்பாட்டைக் குறைப்போம், பிறகு என் பெயரில் திரும்ப எடுப்போம் என்று முடிவு செய்தோம். அவள் திரும்ப எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நோயை நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. வீட்டில் கோழி வந்தது, இறால் வந்தது. எனக்கு மட்டும் கீரையும் பருப்பும்.

“என்ன இது?” என்றேன்.

“உங்கட தவக்காலம் இன்னும் முடியேல்ல,” என்றாள்.

மூன்று மாதம் அப்படித்தான் நடந்தது. எனக்குத் தனிச் சட்டி வைத்தாள். தேங்காயின் முதற்பால் விடாத சொதி. கோழியில் தோல் இருந்தால் என் பீங்கானிலிருந்து தன் விரலாலேயே எடுப்பாள். முட்டையில் மஞ்சளை எடுப்பாள். இறாலை எண்ணி எடுப்பாள். எடுத்ததை வீசமாட்டாள். அவளுக்கு எதையும் வீச மனம் வராது. அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வாள்.

“நீ சாப்பிடுறியே,” என்பேன்.

“எனக்கென்ன? நான் நோர்மல்.”

கடையிலும் வடை தொடாமல் இருந்தேன். தேத்தண்ணி போடுகிறவன் அதைக் கவனித்துவிட்டான். “அண்ணே, வடை போடுற ஆளே தின்னேல்ல எண்டா, வாங்க வாற ஆள் என்ன நினைப்பான்? உள்ள பல்லி விழுந்ததெண்டு நினைப்பான்.” முதலாளி அவனை முறைத்தார். நான் ஒரு வடையை எடுத்துப் பிய்த்துத் தட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து வெள்ளவத்தையில் ஒரு லாப்பில் இரத்தம் கொடுத்தேன். நூற்று எழுபத்தொன்று. மகள் வாசித்துச் சொன்னதும் மனைவி கையைக் கூப்பினாள். “பாத்தீங்களா,” என்றாள். “முன்னூற்று முப்பத்தெட்டில இருந்து.” மூன்று மாதம் எனக்காகச் சமைத்த கை அது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினாள். வரும் வழியில் மாட்டிறைச்சி வாங்கி வந்தாள். முதற்பால் விட்டு, கராம்பு ஏலம் போட்டுக் காய்ச்சினாள். மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம்.

அந்த நம்பர் இறங்கவே இல்லை. என்னுடையது முதலிலேயே நூற்று எழுபத்தெட்டு. அது அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஏழு மாதம் போனது. அவளுக்குத் தாடை நோகத் தொடங்கியது. இடது பக்கம். மூன்றாம் மாடிக்கு ஏறும்போது வரும், கொஞ்சம் நின்றால் போய்விடும் என்றாள். கடைவாய்ப் பல்லில் பூச்சி என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடையிலிருந்து கராம்பு கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

“படி ஏறினா மட்டும் நோகுற பல்லு என்ன பல்லு?” என்று மகள் ஒரு தரம் கேட்டாள்.

“தட்டைத் தூக்கேக்குள்ள பல்லைக் கடிக்கிறன் போல,” என்றாள் மனைவி.

எங்களுக்கு அது சரியாகப் பட்டது. பல் டொக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நம்பர் எடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. கையில் மாவு. தேத்தண்ணிக்காரன்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்தான். ஒபிசில் இருந்து ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள். விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றாள். நான் கையைக் கழுவினேன். சட்டியை இறக்கி வைத்தேன். ஏன் இறக்கி வைத்தேன் என்று தெரியாது. அப்படியே ஓடியிருக்கலாம்.

பிறகு அந்த ஒபிஸ் பெண் எனக்குச் சொன்னாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மனைவி நின்றாளாம். தட்டைப் படியில் வைத்தாளாம். பக்கத்தில் இருந்தாளாம். சுவரில் சாய்ந்தாளாம். தட்டில் ஒன்பது கப் தேத்தண்ணி. ஒன்றும் சிந்தவில்லையாம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முடிந்துவிட்டது.

ஒரு டொக்டர் என்னைக் கூப்பிட்டார். இளம் முஸ்லிம் பெண், தலையில் துணி கட்டியிருந்தார். தமிழில் கதைத்தார். மனைவியைக் காட்டினார். முகத்தில் பவுடர் வியர்வையில் கரைந்து போயிருந்தது. இமை நன்றாகத் தெரிந்தது.

“ஐயா, இந்த மஞ்சள் எவ்வளவு காலமா இருக்கு?”

“பதினாறு பதினேழு வருசம்.”

“கொலஸ்ட்ரோல் எப்பயாச்சும் பாத்தீங்களா?”

“பாத்தம்.”

“எவ்வளவு?”

“முன்னூற்று முப்பத்தெட்டு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன மருந்து எடுத்தவங்க?”

“மருந்து எடுக்கேல்ல.”

“ஏன்?”

“மாத்திட்டாங்க எண்டு நினைச்சம்.”

அவருக்கு விளங்கவில்லை. நான் திரும்பச் சொன்னேன். அவள் மெலிவு, நான் இப்படி, குழாய் இரண்டும் பக்கத்தில் கிடந்தது, அதனால் என்னுடையது என்று எடுத்துக்கொண்டோம், நான் சாப்பாட்டைக் குறைத்தேன், எனக்குக் குறைந்தது. சொல்லச் சொல்ல என் சத்தம் எனக்கே கேட்டது. அவர் கடைசிவரை கேட்டார். ஏசியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“ஐயா, இது ஒல்லி, குண்டு பாத்து வாறது இல்ல,” என்றார். “சில குடும்பத்தில பிறக்கக்குள்ளயே வாறது. இரத்தத்தில இருக்கிற அந்தக் கொழுப்பை ஈரல் கழிச்சு எடுக்கணும். இவங்களுக்கு அது சரியா எடுக்காது. இந்த மஞ்சள் அதோட அடையாளந்தான். சின்னதில இருந்தே இரத்த நாளத்தில படிஞ்சு படிஞ்சு வரும். நோகாது. தெரியாது. இவங்கட அப்பா, சகோதரம், ஆரும் இப்பிடித் திடீரெண்டு போயிருக்காங்களா?”

போயிருந்தார்கள். அவளுடைய அப்பா ஹாபரில் வேலை செய்தவர். நாற்பத்து மூன்று வயதில் கப்பலுக்குள்ளிருந்து ஏணியால் ஏறி வரும்போது விழுந்தார். அண்ணனுக்கு முப்பத்தொன்பது. முகம் சவரம் செய்துகொண்டு நின்றவன். அவர்கள் குடும்பத்துக்கு ஆயுசு குறைவு என்று எல்லோரும் கதைப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆயுசு குறைவு என்றால் அதோடு கதை முடிந்தது என்று இருந்தோம். அதற்கு மருந்து இருக்கிறது, குளிசை இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னது? சொன்னது அந்தத் துண்டு. அதைத்தான் நாங்கள் பார்த்துச் சிரித்தோம்.

நான் டொக்டரிடம் ஒன்றுதான் கேட்டேன். “நான் வேண்டாம் எண்டு ஒதுக்கினதெல்லாம் அவதான் சாப்பிட்டவ. அதாலயா?”

“அதால மட்டும் இவ்வளவு ஏறாது ஐயா. சாப்பாடு கொஞ்சந்தான். குளிசை போட்டிருந்தா...”

அங்கே நிறுத்திவிட்டார். எனக்கு மீதி தெரிந்தது.

“பிள்ளைங்க இருக்கா?”

“ஒரு மகள்.”

“அவவுக்குக் கட்டாயம் பாக்கணும். தாய்க்கு இருந்தா பிள்ளைக்கு வாறதுக்குப் பாதிக்குப் பாதி. தள்ளிப் போடாதீங்க.”

வெளியே நீள வாங்கில் மகள் இருந்தாள். புடவைக் கடையின் சாரியோடு வந்திருந்தாள். அவளுடைய கையைப் பார்த்தேன். அதே மணிக்கட்டு.

மகள் செத்த வீட்டில் அழவில்லை. எல்லோருக்கும் கோப்பி கொடுத்தாள். கல்லறையிலும் அழவில்லை. அக்காமார் என்னிடம் வந்து, பிள்ளையை அழ வையுங்கோ என்றார்கள். பிள்ளையை எப்படி அழ வைக்கிறது?

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு டொக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

“பாப்பம்,” என்றாள்.

ஒரு மாதம் போனது. திரும்பக் கேட்டேன். கடையில் லீவு இல்லை என்றாள். அடுத்த மாதம் தடிமன், காய்ச்சல் என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டாள். நாங்கள் வேலைக்குப் போவது தனித்தனி. வருவது சேர்ந்து. வெள்ளவத்தையில் ஏறினால் கோட்டை வரை கடலோரம் ரயில் வரும். ஒவ்வொரு நாளும் ரயிலில் இன்று கேட்போம் என்று நினைப்பேன். அவள் கடலைப் பார்ப்பாள். நான் அவளுடைய இமையைப் பார்ப்பேன்.

கடையில் மாதம் ஒரு தரம் கழுவு தொட்டிக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வேன். எண்ணெய் ஆறி வெள்ளையாகப் படிந்திருக்கும். கம்பி விட்டு இழுத்தால் கட்டியாக வரும். ஆனால் குழாய் அடைபட முன்னம் சொல்லிவிடும். தண்ணீர் மெல்லப் போகும். மணக்கும். இருபத்திரண்டு வருசம் அதைப் பார்த்துப் பழகினவன் நான். அவளில் ஒன்றும் மணக்கவில்லை. படி ஏறினால் தாடை நொந்தது, அவ்வளவுதான். அதற்கு நான் கராம்பு கொடுத்தேன்.

ஒரு பின்னேரம் ரயில் பிந்தியது. மேடையில் வாங்கில் இருந்தோம். எதிரில் கடல். நான் கேட்டேன்.

“ஊசிக்குப் பயமா?”

“இல்ல.”

“பிறகு?”

அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள். “எனக்கும் கூட எண்டு வந்தா, அம்மாவின்ட துண்டு சரி எண்டு முடிஞ்சிடும்.”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“இப்ப ஒரு சந்தேகம் இருக்கு அப்பா. மாறித்தான் போச்சு, அம்மா வேற என்னத்திலயோ போனவ எண்டு நினைச்சுக்கொள்ளலாம். அந்தச் சந்தேகத்தில தான் நித்திரை கொள்றன். துண்டை வாசிச்சது நான். பேர் சரி எண்டும் சொன்னனான். ஒருக்காத்தான் சொன்னனான். பிறகு உங்களோட சேந்து நானும் சிரிச்சனான்.”

“முதல்ல சிரிச்சது நான்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ரயில் வந்தது. ஏறினோம். இருக்க இடம் இல்லை. கதவுப் பக்கம் நின்றோம். கோட்டையில் இறங்கிக் கொட்டாஞ்சேனை பஸ்சுக்கு நடக்கும்போது, “சனிக்கிழமை போவம்,” என்றாள்.

சனிக்கிழமை வெறும் வயிற்றோடு அதே லாப்புக்குப் போனோம். இரத்தம் எடுக்கும் பிள்ளை குழாயைக் கையில் எடுத்தாள். நான் கிட்டப் போனேன்.

“பிள்ளை, முதல்ல பேரை ஒட்டுங்கோ. பிறகு எடுங்கோ.”

“அங்கிள், எங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். எண்டாலும் ஒட்டுங்கோ.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். ஆனால் ஒட்டினாள். ஒட்டின பெயரை மகளைக் கொண்டு வாசிக்க வைத்தேன். இரத்தம் ஏறியது. குழாயைத் தட்டில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டில் வேறு குழாய் இருக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை துண்டு வந்தது. கடைக்குக் கிட்ட என்பதால் நான்தான் எடுத்தேன். இங்கிலிஸ் தெரியாது. நம்பர் தெரியும். கடையின் பின்பக்கம் நின்று பிரித்தேன். முன்னூற்று இருபத்தொன்று. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பின்னேர வடைக்கு மாவு அரைத்து இருந்தது. மாவு முடியும்வரை போட்டேன். பருப்பு வடை, உழுந்து வடை, கடைசியில் கொஞ்சம் கீரை வடை. ஒன்றும் கருகவில்லை. கை அது பாட்டில் செய்தது.

ரயில் மேடையில் அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள். முழுவதும் வாசித்தாள், அடியில் உள்ளதையும். பிறகு மெல்ல என்னைப் பார்த்தாள்.

“மாத்தியிருப்பாங்களோ, அப்பா?”

அது அவளுடைய தாயின் குரல் மாதிரியே இருந்தது. சிரிப்பதற்குச் சொன்னாளா, கேட்டாளா என்று தெரியவில்லை.

“இல்ல பிள்ளை,” என்றேன். “நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு ரயில் வந்து போனது. அடுத்ததும் வந்து போனது. கடைக்கு வருகிற ஆட்கள் சிலர் என்னைக் கண்டு தலை ஆட்டிவிட்டுப் போனார்கள். தாய்க்கு அழ வேண்டிய அழுகை அது. பதினொரு மாதம் பிந்தி வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் வந்தது. நான் கடலைப் பார்த்தேன்.

கிளினிக்கில் ஒரு டொக்டர் பார்த்தார். வயதானவர். எங்கள் இரண்டு துண்டையும், பழையதையும் புதியதையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “தாயும் மகளும்,” என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை எழுதினார். எவ்வளவு காலத்துக்கு என்று மகள் கேட்டாள்.

“எப்பவும்.”

“எப்பவுமா?”

“ஓம் பிள்ளை. காய்ச்சல் குளிசை மாதிரி இல்ல இது. கலியாணம் கட்டிப் பிள்ளை பெறுற யோசனை வந்தா முன்னமே வந்து சொல்ல வேணும். அந்த நேரம் நிப்பாட்டி, பிறகு தொடங்கலாம். உம்மட எண்ணத்துக்கு நிப்பாட்டக் கூடாது.”

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு இருபத்து நாலு வயது. எப்பவும் என்பது அவளுக்கு நீளம்.

மூன்று மாதத்தில் திரும்ப எடுத்தோம். நூற்றுத் தொண்ணூற்றாறு. டொக்டர் சந்தோசப்பட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. குறைந்த நம்பரைப் பார்த்து மாட்டிறைச்சி காய்ச்சிச் சாப்பிட்ட வீடு எங்களுடையது.

“அப்ப இனிப் பாதியாக் குறைக்கலாமா, டொக்டர்?” என்றாள்.

“குறைஞ்சது குளிசையால,” என்றார் அவர். “அதை விட்டா அது பழைய இடத்துக்குப் போயிடும்.”

“விளங்குதா?” என்றேன் நான் அவளிடம். அவளுக்கு விளங்கியது. எனக்கும் இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன.

பக்கத்து வீட்டு அக்காவும் போய் இரத்தம் கொடுத்தாள். அவள் சிரித்ததைப் பற்றி என்னோடு ஒரு நாளும் கதைக்கவில்லை. ஒரு நாள் வாசலில் நின்று, “எனக்கும் கொஞ்சம் கூடத்தான்,” என்றாள். “குளிசை தந்திருக்கு.”

“போடுங்கோ,” என்றேன்.

“போடுறன்.” நின்றாள். எங்கள் மேசையைப் பார்த்தாள். பிறகு போனாள்.

இப்போது வீட்டில் இரண்டு பேர். சமைப்பது நான். வடை போடுகிறவனுக்குக் கறி சரியாக வராது. உப்புக் கூடும், இல்லாவிட்டால் குறையும். முதற்பால் விடுவதில்லை. அவள் சாப்பிட்டு முடிய, நான் தண்ணீர் வார்த்து வைப்பேன். குளிசையை அட்டையிலிருந்து அமத்தி எடுத்து வாயில் போடுவாள். நான் எதிரில் இருப்பேன்.

“போட்டிட்டன். நாக்கைக் காட்டவா?”

“வேண்டாம்.”

“அப்பா, நான் சின்னப் பிள்ளை இல்ல.”

“தெரியும்.”

தெரிந்தும் இருப்பேன். அவளுக்கும் அது பழகிவிட்டது. சில நாள் நான் பிந்தி வந்தால், குளிசையை மேசையில் வைத்துக்கொண்டு எனக்காகப் பார்த்திருப்பாள். நான் வந்து இருந்த பிறகுதான் போடுவாள்.

போன ஞாயிறு கோழி வாங்கினேன். கனநாளைக்குப் பிறகு. கடைக்காரன் தோலை முழுக்க உரித்துத்தான் தந்தான், எப்படியோ ஒரு துண்டில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது என் பீங்கானில் விழுந்தது. நான் பழக்கத்தில் அதை எடுத்து ஓரத்தில் வைத்தேன். எனக்கு அதைச் சாப்பிடலாம். என் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ஓரத்தில் வைக்கிற பழக்கம் போகவில்லை.

மகள் ஏதோ கடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சாரியை ஏழு தரம் விரிக்க வைத்துவிட்டுப் போன பெண்ணின் கதை. கதையோடு கதையாக அவளுடைய கை என் பீங்கானுக்கு வந்தது. தாயைப் போலவே, பார்க்காமல், இரண்டு விரலால்.

நான் பீங்கானை என் பக்கம் இழுத்தேன்.

அவளுடைய கை நடுவில் நின்றது. அவள் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கதை நின்றுவிட்டது.

நான் அந்தத் தோலை எடுத்து என் வாயில் போட்டு விழுங்கினேன். பிறகு எழும்பி அவளுக்குத் தண்ணீர் வார்த்தேன்.